பவளத்தின் வெப்பத் தாங்குதிறனை ஓரிரவில் அளப்பது எப்படி

ஒரு பவளம் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று கேட்டால் ஒற்றை எண்ணில் பதில் வராது. எவ்வளவு நேரம், எந்தப் பருவத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண். ஆனால் முப்பது காலனிகளை (பாலிப் எனும் சிறு உயிரிகள் ஒட்டி வளர்ந்த ஒவ்வொரு பவளத் திரளும் ஒரு காலனி) ஒரே நாளில், ஒரே தண்ணீரில், ஒரே மாதிரி விளக்கின்கீழ் வைத்து, எது முதலில் தளர்கிறது, எது கடைசிவரை நிற்கிறது என்று கேட்டால் நிச்சயமாகப் பதில் உண்டு. பவள வெப்ப ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர் முதலில் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ள வேண்டிய சோதனை இது. வூல்ஸ்ட்ரா, பார்ஷிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட முறை. ஆய்வகங்களில் சுருக்கமாக ‘சிபாஸ்’ (CBASS) என்பார்கள். மொத்தம் 18 மணி நேரம். படகிலோ கரையோரக் கொட்டகையிலோ கூட நடத்தலாம்.

சோதனை எதை அளக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பவளத்தின் உள்தோல் செல்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கு அவற்றின் ஒளிச்சேர்க்கையில் கிடைப்பது. வெப்பம் ஏறி, வெளிச்சமும் கூடவே இருக்கும்போது பாசியில் ஒளியைப் பிடித்து ஒளிச்சேர்க்கையைத் தொடங்கிவைக்கும் ‘ஒளித்தொகுதி-II’ என்ற அமைப்பு பழுதாகத் தொடங்குகிறது. செல்லைச் சிதைக்கும் வினைமிக்க ஆக்சிஜன் பெருகுகிறது. கடைசியில் பவளம் பாசியை இழந்து வெளிறுகிறது. நிறம் போவது கடைசிக் காட்சி. ஒளித்தொகுதி தளர்வது அதற்கு முந்தைய காட்சி. ஓரிரவுச் சோதனை பிடிப்பது அந்த முந்தைய காட்சியைத்தான். வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல என்பதையும் இங்கேயே மனத்தில் வையுங்கள். கடைசிப் பகுதியில் இது திரும்ப வரும்.

அடிப்படை வெப்பநிலை

எல்லாக் கணக்கும் ஓர் எண்ணிலிருந்து தொடங்குகிறது: நீங்கள் துண்டு எடுக்கும் பவளப்பாறையில் ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் நீண்டகாலச் சராசரி. அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நடத்தும் கோரல் ரீஃப் வாட்ச், செயற்கைக்கோள் தரவிலிருந்து 5 கிலோமீட்டர் கட்டங்களுக்கு இதை இலவசமாகத் தருகிறது. உங்கள் பாறைக்குரிய கட்டத்தில் அந்த எண் 29.2 டிகிரி செல்சியஸ் என்றால், பவளத் துண்டுகளைப் பிரித்து வைக்கும் நான்கு வெப்பநிலைகள் இப்படி வரும்: 29.2, 32.2, 35.2, 38.2. அதாவது அடிப்படை, +3, +6, +9.

அதே தளத்தில் ‘டிகிரி வெப்ப வாரம்’ என்ற அளவும் இருக்கிறது. புதியவர்கள் தடுமாறும் இடம் இது. உச்சமாதச் சராசரியைவிட 1 டிகிரியோ அதற்கு மேலோ கூடிய நாட்கள் மட்டுமே கணக்கில் சேரும். கடைசி 12 வாரங்கள் கூட்டப்படும். மூன்று வாரம் 1.5 டிகிரி கூடுதலாக இருந்தால் 4.5. அதே மூன்று வாரம் 0.8 டிகிரி கூடுதல் என்றால் சுழியம். 4-ஐத் தொட்டால் கவனிக்கத்தக்க வெளிறல், 8-ஐத் தாண்டினால் பரவலான வெளிறலும் சாவும் எதிர்பார்க்கலாம் என்பது வழக்கமான வாசிப்பு. 2023-ல் கடல் இந்த அளவுகோலையே மிஞ்சிப்போனதால், அந்த ஆண்டு டிசம்பரில் எச்சரிக்கை நிலைகள் 5 வரை நீட்டப்பட்டன. ஐந்தாம் நிலை 20-ல் தொடங்குகிறது.

செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேற்தோலை. ஆழம் குறைந்த உள்குளங்களில் நண்பகல் வெப்பம் அதைவிட இரண்டு மூன்று டிகிரி எகிறலாம். ஆகவே பாறையிலேயே லாகர் (வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவி) கட்டுங்கள், அதற்கு நிழலும் கொடுங்கள். வெயில் நேரடியாகப் படும் லாகர் தண்ணீரின் வெப்பத்தை விட்டுத் தன் உடம்புச் சூட்டைப் பதிவுசெய்யும். மேலே வெட்டிய வெள்ளைக் குழாய்த் துண்டு ஒன்றைக் கவிழ்த்தாலே போதும்.

தொட்டியும் ஹீட்டரும்

உயிரியல் பட்டம் கையில் இருந்தால் இந்த வேலைக்குத் தயார் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் விழிக்கிறார்கள். பவள வெப்ப ஆய்வாளரின் வேலைநாளில் பாதி குழாய் வேலை, கால் பங்கு மின்வேலை. இரண்டையும் கற்றுக்கொள்ளத் தயங்காதவர் இத்துறையில் வேகமாக முன்னேறுவார்.

ஒவ்வொரு வெப்பநிலைக்கும் இரண்டு தொட்டி, ஆக எட்டு. தலா 10 லிட்டர் போதும். ஒரே தொட்டியில் இருபது துண்டு வைத்துவிட்டு மாதிரி எண்ணிக்கை இருபது என்று எழுதாதீர்கள். அந்த ஹீட்டர் கொஞ்சம் பிசகினால் இருபதும் சேர்ந்தே பிசகும். வெப்பத்தின் விளைவையும் தொட்டியின் விளைவையும் பிரித்துக் காட்ட இரண்டாவது தொட்டி கட்டாயம் வேண்டும்.

ஹீட்டரின் வாட் அளவைக் கண்மதிப்பில் வாங்கவே கூடாது. கணக்கு எளிது. ஒரு லிட்டர் கடல்நீரை 1 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 4.1 கிலோஜூல் வேண்டும். +9 தொட்டி மூன்று மணி நேரத்தில் 9 டிகிரி ஏற வேண்டும், அதாவது மணிக்கு 3 டிகிரி: 10 × 4.1 × 3 = 123 கிலோஜூல், சராசரியாக 34 வாட். அவ்வளவுதானே என்று 100 வாட் ஹீட்டர் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். தொட்டிக்குள் மணிக்கு 10 லிட்டர் புதுநீர் வந்துகொண்டிருக்கிறது. உச்சத்தில் அந்தப் புதுநீர் முழுவதையும் 9 டிகிரி சூடாக்கியாக வேண்டும்: 10 × 4.1 × 9 = 369 கிலோஜூல், இன்னொரு 102 வாட். இரண்டும் சேர்ந்து 136. சுவர் வழியாகவும் மேற்பரப்பு வழியாகவும் போகும் இழப்பு தனி. 200 வாட் ஹீட்டர் இதைச் சமாளிக்கும். தண்ணீர் வரத்தை மணிக்கு 20 லிட்டராக்கினால் அதுவும் தோற்கும்: முதல் இரண்டு மணி நேரம் வரைபடம் அழகாக ஏறும், பிறகு 36 டிகிரியில் வந்து நின்றுவிடும். பலர் அப்போது கட்டுப்பாட்டு நிரலில் பிழை தேடுவார்கள். பிழை தண்ணீர் வால்வில் இருக்கிறது.

ஹீட்டர் டைட்டானியமாக இருக்கட்டும். கண்ணாடி ஹீட்டர் உப்புநீரில் விரிசல் விட்டால் ஆளுக்கே ஆபத்து. எல்லா இணைப்பும், மின்கசிவு கண்டதும் துண்டித்துவிடும் ஆர்சிசிபி பிரேக்கர் வழியாகப் போக வேண்டும். இறங்குமுகத்துக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சிறு சில்லர் தேவை; ஹீட்டரை அணைத்துவிட்டால் தானாக ஆறிவிடும் என்று நம்பினால் ஒரு மணி நேரத்தில் 9 டிகிரி இறங்காது. தொட்டிக்குள் ஒரு சிறு பம்பு தண்ணீரைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஹீட்டர் அருகே ஒரு வெப்பம், மூலையில் இன்னொன்று.

கட்டுப்பாட்டுக்கு ஆர்டுவினோ என்ற சிறு நிரல்பலகையும் டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரும் போதுமானவை. ஆனால் அந்த சென்சாரின் துல்லியம் அரை டிகிரி கூடக் குறைய. காலனிகளுக்கிடையே நீங்கள் தேடும் வேறுபாடே ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி. எனவே எட்டு சென்சார்களையும் ஒரே வாளியில், தரச்சான்று பெற்ற வெப்பமானியுடன் சேர்த்துக் கட்டி, 28, 33, 38 என மூன்று இடங்களில் ஒப்பிட்டு, ஒவ்வொன்றின் பிசகையும் நிரலில் கழித்துவிடுங்கள். சென்சார் கம்பி தொட்டிச் சுவரில் இறுகக் கட்டியிருக்க வேண்டும். அது நழுவித் தண்ணீருக்கு வெளியே வந்தால் காற்றின் வெப்பத்தைப் படித்து, “இன்னும் ஏறவில்லை” என்று நினைத்து ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். காலையில் தொட்டியில் வெந்த பவளம்தான் கிடைக்கும். நிரலில் 41 டிகிரிக்கு மேல் எது காட்டினாலும், சென்சார் திடீரென 2 டிகிரி குறைத்துக் காட்டினாலும் ஹீட்டரை அணைக்கச் சொல்லி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சமும் வெப்பத்துக்குச் சமமான அழுத்தம். துண்டு உட்காரும் உயரத்தில் ஒளிமானி வைத்து எட்டுத் தொட்டியையும் 10 சதவீத வேறுபாட்டுக்குள் கொண்டுவாருங்கள். பவளம் எடுத்த ஆழத்தில் நண்பகலில் என்ன ஒளி இருக்கிறதோ அதைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் அடிப்படைத் தொட்டியிலேயே பவளம் தளர்ந்து, ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

துண்டு எடுப்பது

அனுமதி முதலில். கல்பவளங்கள் அனைத்தும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. எல்லை தாண்டும் ஒவ்வொரு துண்டுக்கும், சில மில்லிலிட்டர் திசுக்கரைசலுக்கும் கூட, தாள் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஆய்வுத் திட்டத்தை எழுதும் நாளிலேயே விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்குங்கள்.

ஒரே இனம், ஒரே ஆழம், ஒரே நாள். காலனிகளுக்கிடையே குறைந்தது 5 மீட்டர் இடைவெளி விடுங்கள். கிளைப்பவளம் புயலில் உடைந்து பக்கத்திலேயே ஒட்டி வளரும்; நெருக்கமாக எடுத்தால் பத்துக் காலனி என்று நினைத்தது ஒரே மரபணு வகையின் பத்து நகலாக முடியும். ஒவ்வொரு காலனியிலிருந்தும் எட்டுத் துண்டு, எட்டுத் தொட்டிக்கும் ஒன்று வீதம். மரபணுப் பரிசோதனைக்கு ஒன்பதாவது. துண்டு 2 முதல் 3 சென்டிமீட்டர். எலும்பு வெட்டும் கத்தரிக்கோலால் ஒரே அழுத்தில் நறுக்குங்கள்; நசுக்கினால் திசு கிழிந்து சளி கொட்டும், அந்தத் துண்டு வெப்பம் படும் முன்பே நோயாளி. நுனிகளைத் தவிர்த்துவிடுங்கள், வளரும் நுனியில் பாசி இயல்பாகவே குறைவு.

எண்ணிட்ட தட்டில் நிற்க வைத்து, எந்தக் காலனி எந்த மூலை என்பதைத் தொட்டிக்குத் தொட்டி சீட்டுக் குலுக்கி மாற்றுங்கள். எல்லாத் தொட்டியிலும் மூன்றாம் காலனி விளக்குக்கு நேர்கீழே வந்தால், நீங்கள் அளப்பது விளக்கை.

பதினெட்டு மணி நேரம்

பிற்பகல் 1 மணிக்கு எல்லாத் தொட்டியும் அடிப்படை வெப்பத்தில் இருக்க வேண்டும். 1 முதல் 4 வரை ஏற்றம், 4 முதல் 7 வரை உச்சத்தில் நிறுத்தம், 7 முதல் 8 வரை இறக்கம். 7 மணிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். 8 மணிக்கு முதல் அளவீடு. அதன்பின் மறுநாள் காலை 7 வரை அடிப்படை வெப்பத்தில், இருட்டில் கிடக்கட்டும்.

அரைமணிக்கு ஒருமுறை கையடக்க வெப்பமானியால் எட்டையும் சரிபார்த்து நோட்டில் எழுதுங்கள். திரையில் வரும் எண் சென்சார் சொல்வது. நோட்டில் வரும் எண்தான் பவளம் பட்டது.

8 மணி அளவீடு பாம் ஃபுளூரோமீட்டரால் எடுப்பது; ஒளி பட்டதும் பாசி திருப்பி உமிழும் ஒளிர்வை அளக்கும் கருவி இது. ஒரு மணி நேரம் இருட்டில் இருந்த பாசியின் மீது மிக மங்கலான ஒளியைப் போட்டு ஒரு எண். உடனே பளிச்சென்ற ஒளித்துடிப்பு ஒன்றைப் போட்டு இன்னொரு எண். இரண்டின் வேறுபாட்டை இரண்டாம் எண்ணால் வகுத்தால் எஃப்வி/எஃப்எம் கிடைக்கும்; ஒளித்தொகுதி எவ்வளவு நலமாக இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் இது. நலமான பவளத்தில் 0.6 முதல் 0.7 வரை. செய்முறையில் மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. அறையில் மங்கலான பச்சை விளக்கு மட்டும்; கைபேசித் திரை ஒரு நொடி எரிந்தாலும் அந்தத் தட்டு கெட்டது. கருவிமுனைக்கும் துண்டுக்கும் இடைவெளி மாறாமலிருக்க முனையில் ரப்பர்க்குழாய் உறை போடுங்கள். கருவியின் உணர்திறனை அடிப்படைத் தொட்டித் துண்டு ஒன்றில் அமைத்துவிட்டு, அன்றிரவு முழுவதும் அதைத் தொடவே வேண்டாம். +9 தொட்டியில் சமிக்ஞை தாழ்கிறதே என்று உணர்திறனைக் கூட்ட ஆசை வரும். கூட்டினால் அந்தத் தொட்டியின் எண்கள் மற்றவற்றோடு பேசாது. துண்டுக்கு இரண்டு இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். அளந்த இடத்தையே மறுபடி அளக்காதீர்கள், முதல் துடிப்பிலிருந்து அது இன்னும் மீண்டிருக்காது.

அடிப்படைத் தொட்டியில் 0.5-க்குக் கீழே வந்தால் நிறுத்துங்கள். வெப்பம் குற்றவாளி அல்ல. வெட்டுக்காயம், அதிக ஒளி, படகுவாளியில் சூடேறிய பயணம், தண்ணீரில் அம்மோனியா, இவற்றில் ஒன்று. அந்த நாளின் தரவை ஒதுக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுவது வலிக்கும்தான். ஆனால் அதை வைத்து வரைந்த வளைகோடு எதற்கும் உதவாது.

காலை 7 மணிக்குத் தொட்டிகளை வரிசையாகப் பார்த்தால் சோதனை நன்றாக நடந்ததா என்பது கண்ணுக்கே தெரியும். அடிப்படையும் +3-ம் பழுப்பாக, பாலிப்கள் ஓரளவு நீண்டு இருக்கும். +6-ல் சில துண்டுகள் மங்கி, அதே தட்டில் வேறு சில மாறாமல் நிற்கும். உங்கள் ஆய்வே இந்தத் தட்டில்தான் இருக்கிறது. +9-ல் திசு நூல்நூலாகக் கழன்று, அடியில் பழுப்பு மண்டியும் மேலே வெள்ளை எலும்புமாக, மூடியைத் திறந்ததும் அழுகல் வாடை வரும். படம் எடுக்கும்போது ஒரே கேமரா, ஒரே விளக்கு, வெண்சமநிலை பூட்டிய நிலை, பக்கத்தில் நிற அட்டை.

பாசியை எண்ணுவது

எஃப்வி/எஃப்எம் மட்டும் போதும் என்று விட்டுவிட வேண்டாம். துண்டிலிருந்து ஏர்பிரஷ்ஷும் வடிகட்டிய கடல்நீரும் கொண்டு திசுவைப் பிளாஸ்டிக் பைக்குள் ஊதி எடுத்து, கலக்கி, மொத்தக் கொள்ளளவைக் குறியுங்கள். 20 மில்லிலிட்டர் வந்தது என்று வைப்போம். ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணுவதற்கான, கட்டம் போட்ட கண்ணாடி) 1 சதுர மில்லிமீட்டர் கட்டத்துக்குச் சராசரி 45 செல். அந்தக் கட்டத்தில் நிற்பது மில்லிலிட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மில்லிலிட்டருக்கு 4,50,000, மொத்தம் 90 லட்சம். துண்டின் பரப்பு 8 சதுர சென்டிமீட்டர் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 11 லட்சம். நலமான பவளத்துக்கு இயல்பான எண்தான். குறைந்தது எட்டுக் கட்டங்களாவது எண்ணுங்கள்.

பிழை பெரும்பாலும் எண்ணிக்கையில் வருவதில்லை, பரப்பில்தான் வரும். உருகிய மெழுகில் முக்கி எடை வேறுபாட்டிலிருந்து பரப்பைக் கணிப்பது பழைய முறை, இன்றும் நல்ல முறை. துண்டை மெழுகில் இரண்டுமுறை முக்கி, முதல் பூச்சுக்கும் இரண்டாவதற்கும் உள்ள எடை வேறுபாட்டை மட்டும் எடுங்கள். முதல் பூச்சு எலும்பின் துளைகளை நிரப்பிவிடும். பரப்பு தெரிந்த மரக்கட்டைகளை அதே மெழுகில் அதே நாளில் முக்கி அளவுகோடு வரைய வேண்டும். மெழுகின் சூடு மாறினால் பூச்சின் தடிமனும் மாறும்.

ஆர்என்ஏ வேண்டுமென்றால் வேலையின் வரிசையே மாறிவிடும்: தொட்டியிலிருந்து எடுத்த சில நொடிகளில் திரவ நைட்ரஜன், பிறகு கழித்தல் 80 டிகிரி. படம் எடுத்துவிட்டு வருகிறேன் என்றால் நீங்கள் அளப்பது காற்றில் தூக்கியதால் வந்த அழுத்தம்.

வளைகோடு

புள்ளியியல் கணக்குக்கான ஆர் நிரல்மொழியின் டிஆர்சி தொகுப்பில், ஒவ்வொரு காலனிக்கும் எஃப்வி/எஃப்எம்-ஐ வெப்பநிலைக்கு எதிராக மூன்று அளபுரு லாக்-லாஜிஸ்டிக் வளைகோடாக (முதலில் சமமாகச் சென்று பிறகு சரியும் கோடு) பொருத்துங்கள். அடிப்படை மதிப்பில் பாதியாகக் குறையும் வெப்பநிலை, அதாவது ஈடி50, உங்கள் விடை. 0.66-ல் தொடங்கிய காலனி 0.33-ஐத் தொடும் இடம்.

நான்கே புள்ளி என்பதால் ஒரு பொறி இருக்கிறது. +6-ல் சற்றும் குறையாமல் +9-ல் செத்துவிட்டால், வளைகோடு அந்த 3 டிகிரி இடைவெளியில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். கணினி 36.71 என்று இரண்டு தசமம் தரும். அந்தத் தசமங்களுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. அந்த இனத்துக்கு +7.5-ல் ஒரு தொட்டி சேர்த்து மறுபடி நடத்துங்கள். இன்னொன்று, கோடையில் எடுத்த ஈடி50-ஐயும் குளிர்பருவத்தில் எடுத்ததையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள். பவளம் பருவத்துக்கேற்ப இசைந்துகொள்ளும்.

ஓரிரவு எண்ணை எவ்வளவு நம்பலாம்

இதில் ஆய்வாளர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை. 2020 ஆய்வில் செங்கடலின் ஸ்டைலோஃபோரா பிஸ்டில்லட்டா பவளத்தை ஓரிரவுச் சோதனையிலும் மூன்று வாரச் சோதனையிலும் வைத்தபோது இரண்டும் ஒரே தரவரிசையைக் காட்டின. ஆனால் பலாவ் தீவுகளில் நடந்து 2024-ல் வெளியான தேர்வு இனப்பெருக்க ஆய்வு வேறு கதை சொல்கிறது. குறுகிய கடும் வெப்பத்தைத் தாங்கிய அக்ரோபோரா டிஜிட்டிஃபெரா பெற்றோர்களைத் தேர்ந்தெடுத்தபோது, அந்தச் சந்ததிக்கு ஒரு மாத மிதவெப்பத்தில் கூடுதல் ஆதாயம் கிடைக்கவில்லை. கடலில் வரும் வெப்ப அலை வாரக்கணக்கில் நீள்வது. அங்கே பாசியின் ஒளித்தொகுதியோடு பவளத்தின் கொழுப்புச் சேமிப்பும், பாசி போனபின் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும் திறனும் தீர்மானிக்கும். ஹவாயின் மொன்டிபோரா காபிடாட்டா வெளிறிய பின் இரையை அதிகமாகப் பிடித்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளும். ஓரிரவில் இதைப் பார்க்க வழியில்லை.

ஆகவே ஓரிரவுச் சோதனையைச் சல்லடையாக வையுங்கள். நூறு காலனியிலிருந்து மேல்தட்டு பத்தையும் கீழ்த்தட்டு பத்தையும் எடுத்து, அந்த இருபதை மட்டும் +2.5 டிகிரியில் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாசி இனம் உள்ளே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெப்பம் தாங்கும் பாசியாக அறியப்பட்ட துருஸ்டினியம் கொண்ட காலனி மேல்தட்டில் வந்தால், தாங்குதிறன் பவளத்துடையதா விருந்தாளியுடையதா என்பது தனிக்கேள்வி. சந்ததிக்குக் கடத்துவது பற்றிப் பேசுமுன் அதைப் பிரித்தாக வேண்டும்.

கூடவே, துண்டு எடுத்த தாய்க் காலனிகளைக் கடலிலேயே விட்டுத் தொடருங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் எண்ணிட்ட அலுமினியத் தகடு, நான்கு திசைப் படம், ஜிபிஎஸ் புள்ளி. டிகிரி வெப்ப வாரம் 4-ஐத் தொட்ட வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இறங்கி, கோரல்வாட்ச் நிற அட்டையை ஒவ்வொரு காலனியின் மிக வெளிர்ந்த இடத்திலும் மிக அடர்ந்த இடத்திலும் வைத்து எண்ணைக் குறியுங்கள். ஆறு படி கொண்ட அந்த அட்டையில் இரண்டு படி இறங்கினால் பாசி உண்மையிலேயே குறைந்திருக்கிறது. வெப்பம் தணிந்து மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை இறங்குங்கள். உங்கள் பட்டியலில் முதலிடம் பெற்ற காலனி செத்து, எலும்பின்மேல் வெளிப்பாசி படர்ந்து கிடந்தால், அதையும் அதே அட்டவணையில், அதன் ஈடி50-க்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.